அமெரிக்க கன்சர்வேடிவ்கள் கேட்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரம்ப், டாரிஃப் (இறக்குமதி வரி), விசா என்று ஏதாவது செய்தி வந்தால் போதும், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களும் இங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் என்னிடம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று இந்தப் பக்கத்தைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. நான் கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்தவன். அந்தக் கொள்கையை மதிக்கிறேன் என்பதால் அது எங்கே சறுக்குகிறது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கீழே ‘காங்கிரஸ்’ என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றம், செனட் அதன் மேலவை.

ரிபப்ளிகன்னா கன்சர்வேடிவ். ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ரிபப்ளிகன் என்பது கட்சி, கன்சர்வேடிவ் என்பது கொள்கை. 1960கள் வரை இரண்டு கட்சிகளிலும் இரண்டு வகையினரும் இருந்தார்கள். நியூயார்க் கவர்னராக இருந்த நெல்சன் ராக்கஃபெல்லர் ரிபப்ளிகன்தான், ஆனால் அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பவர். தென் மாநிலங்களின் கன்சர்வேடிவ்களோ பெரும்பாலும் டெமாக்ரட் கட்சியில் இருந்தார்கள்.

1964இல் அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் வேட்பாளரானபோதுதான் ரிபப்ளிகன் கட்சி இந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. ஆறே மாநிலங்களை வென்று அவர் படுதோல்வி அடைந்தார். ஆனால் அவருக்காக டிவியில் பேசிப் பெயர் வாங்கிய நடிகர் ரொனால்ட் ரீகன் 1980இல் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். இன்றும் கட்சி வேறு, கொள்கை வேறுதான். கடன் பற்றிய கேள்வியில் அது நன்றாகத் தெரியும்.

சரி, அவங்க அடிப்படையில என்னதான் சொல்றாங்க?

எதை முடிவு செய்வது என்பதைவிட, யார் முடிவு செய்வது என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி. குடும்பம் பார்த்துக்கொள்ள முடிந்ததைக் குடும்பம் பார்க்கட்டும். ஊர் செய்ய முடிந்ததை ஊர் செய்யட்டும், அதற்கு மேல் மாநிலம். யாராலும் முடியாததை மட்டும் வாஷிங்டன் எடுத்துக்கொள்ளட்டும். இதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, எட்டாவது உட்பிரிவில் காங்கிரஸ் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது: வரி, நாணயம், தபால், ராணுவம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இப்படி. 1791இல் வந்த பத்தாவது திருத்தம், பட்டியலில் இல்லாதது மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று சொல்கிறது.

வரி, துப்பாக்கி, பள்ளிக்கூடம், கருக்கலைப்பு என்று எதில் சண்டை வந்தாலும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கும். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்ப இதற்குத்தான் வருவேன்.

பட்டியல்லயே இல்லாத வேலையை எல்லாம் மத்திய அரசு இப்ப செய்யுதே, அது எப்படி?

‘மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்’ என்ற அந்த ஒரு வரியை இழுத்துப் பெரிதாக்கித்தான். இதற்கு ஒரு கோதுமைக் கதை இருக்கிறது. ஒஹாயோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி. விலை சரியாமல் இருக்க ஒவ்வொருவரும் எவ்வளவு பயிரிடலாம் என்று மத்திய அரசு அளவு வைத்திருந்த காலம். அவருக்கு 11.1 ஏக்கர் அனுமதி, அவர் விதைத்ததோ 23 ஏக்கர். கூடுதல் கோதுமை என் கோழிக்கும் மாட்டுக்கும் வீட்டுச் சமையலுக்கும்தான், சந்தைக்கே போகவில்லை என்பது அவர் வாதம். சுமார் 117 டாலர் அபராதத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1942இல் அவர் தோற்றார். நீ வீட்டிலேயே விளைவித்துக்கொண்டால் கடையில் வாங்க மாட்டாய், எல்லோரும் அப்படிச் செய்தால் நாடு முழுக்க விலை மாறும், ஆகவே இதுவும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான் என்றது தீர்ப்பு. சொந்தக் கோழிக்குப் போடும் தீவனமே வாஷிங்டனின் கணக்கில் வரும் என்றால், அப்புறம் எதுதான் வராது? கன்சர்வேடிவ் வழக்கறிஞர்கள் இன்றுவரை கேட்கும் கேள்வி இது. இதற்கு எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை.

‘அரசாங்கம்தான் பிரச்சினை’ன்னு ரீகன் சொன்னாரே? அப்ப அரசே வேண்டாமா?

1981 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற அன்று அவர் பேசியது அது. ஆனால் அந்த வாக்கியம் ‘இப்போதைய இந்த நெருக்கடியில்’ என்று ஆரம்பிக்கும். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதை வெட்டிவிடுவார்கள். நெருக்கடி என்று அவர் சொன்னது அன்றைய கடும் விலைவாசி ஏற்றத்தையும் வேலையின்மையையும். அதே உரையில் சற்றுத் தள்ளி, அரசை ஒழிப்பது என் நோக்கமில்லை, அதை ஒழுங்காக வேலை செய்ய வைப்பதுதான் நோக்கம் என்றும் தெளிவாகச் சொல்கிறார். அரசே வேண்டாம் என்பவர்கள் வேறு கூட்டம்.

மாநில உரிமைன்னு சொல்லித்தானே கறுப்பின மக்களை ஒதுக்கி வெச்சாங்க?

ஆமாம். இதைச் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது. அடிமை முறைக்கும், அதற்குப் பின் பள்ளியிலும் பேருந்திலும் இருந்த ஒதுக்கலுக்கும் தென் மாநிலங்கள் அந்த வாதத்தைத்தான் கேடயமாகப் பிடித்தன. இந்த ஒதுக்கலைத் தடை செய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து கோல்ட்வாட்டர் ஓட்டுப் போட்டார். தனியார் கடை, ஓட்டல் விவகாரங்களில் தலையிட மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்பது அவர் சொன்ன காரணம். காரணம் எதுவாக இருந்தாலும் அந்த ஓட்டு தவறு. கறுப்பின மக்கள் ரிபப்ளிகன் கட்சியை நம்பாமல் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதே சட்டத்துக்கு செனட்டில் இருந்த 33 ரிபப்ளிகன்களில் 27 பேர் ஆதரவு தந்தார்கள் என்பதும், முட்டுக்கட்டையை உடைக்க இல்லினாய் செனட்டர் எவரெட் டர்க்சன்தான் ஓட்டுத் திரட்டினார் என்பதும் உண்மை. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குக் கறுப்பின மாணவர்களைப் பாதுகாப்பாக அனுப்ப ராணுவத்தையே இறக்கியவர் ஐசன்ஹோவர், ரிபப்ளிகன் அதிபர். மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் குடிமக்களைப் பாகுபடுத்தும் அதிகாரம் கிடையாது. 1868இல் வந்த பதினான்காவது திருத்தம் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டது. பத்தாவது திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு பதினான்காவதை மறக்கிறவர் அரசியல் சட்டத்தைக் காப்பவர் ஆக மாட்டார்.

கருக்கலைப்பை நாடு பூரா தடை பண்ணிட்டாங்களாமே?

இல்லை. 1973 ரோ வழக்கு, கருக்கலைப்பு உரிமை அரசியல் சட்டத்திலேயே அடங்கியிருக்கிறது என்றது. 2022 ஜூன் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இனி மாநில மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. சில மாநிலங்கள் ஏறக்குறைய முழுத் தடை போட்டன, சில மாநிலங்கள் உரிமையை இன்னும் பலப்படுத்தின. ஆழ்ந்த ரிபப்ளிகன் மாநிலமான கான்சஸில் அந்த ஆகஸ்ட் மாதமே வாக்கெடுப்பு நடந்தது. உரிமையை நீக்கும் திருத்தத்தை சுமார் 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

சொன்ன கொள்கையை நிஜமாகவே நம்புகிறார்களா என்று இங்கேதான் பார்க்க வேண்டும். தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே செனட்டர் லிண்ட்சே கிரஹாம் 15 வாரத்துக்குப் பிறகு நாடு முழுக்கத் தடை என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் கட்சியிலேயே பலர் விலகி நின்றார்கள். கருவும் ஓர் உயிர் என்று நம்புகிறவர்களுக்கு அது மாநில எல்லையோடு நிற்கும் விஷயமில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 49 ஆண்டுகள் ‘மாநிலத்திடம் விடு’ என்று கேட்டுவிட்டு, கிடைத்ததும் வாஷிங்டனுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது சரியில்லை.

மீன்பிடிப் படகு வழக்கு, மீன்பிடிப் படகு வழக்குன்னு சொல்றீங்களே, அது என்ன?

அட்லாண்டிக் கரையில், நியூ ஜெர்சி பக்கம், ஹெர்ரிங் மீன் பிடிக்கும் குடும்பங்கள் தொடுத்த வழக்கு. அளவுக்கு மேல் மீன் பிடிக்கிறார்களா என்று பார்க்க படகில் ஒரு கண்காணிப்பாளரை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று விதிக்க 1976 சட்டம் இடம் தருகிறது. அதை அவர்கள் எதிர்க்கவில்லை. 2020இல் மீன்வளத் துறை அடுத்த படியாக, அந்தக் கண்காணிப்பாளருக்கான கூலியையும் படகுக்காரர்களே தர வேண்டும் என்று விதி போட்டது. ஒரு நாளைக்கு சுமார் 700 டாலர் வரை ஆகும். தன் படகில், தன் ஆட்களோடு ஒருவராக, தன்னைக் கண்காணிக்க வந்தவருக்குத் தானே கூலி தர வேண்டும். ஹெர்ரிங் படகுக்காரர்கள் அந்தப் பணத்தைத் தர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இல்லை என்பதையே இடைவெளியாக எடுத்துக்கொண்டு துறை அதை நிரப்பியது.

கீழ் நீதிமன்றங்களில் அவர்கள் தோற்றார்கள். காரணம் 1984இல் வந்த செவ்ரான் தீர்ப்பு. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் துறை சொல்லும் பொருள் ஓரளவு நியாயமாக இருந்தாலே போதும், நீதிபதி அதை ஏற்க வேண்டும் என்றது அது. இதில் கவனிக்க வேண்டியது, அன்று செவ்ரானில் ஜெயித்தது ரீகன் அரசு. வழக்குக்குக் காரணமான காற்று மாசு விதியைத் தளர்த்தியபோது சுற்றுச்சூழல் முகமைக்குத் தலைவராக இருந்தவர் ஆன் கோர்சச். கன்சர்வேடிவ்கள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். ஆட்சி மாறி மாறி வந்தபோது, துறைகளின் கை வருடா வருடம் நீள்வதைப் பார்த்துத்தான் மனம் மாறினார்கள்.

2024 ஜூன் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செவ்ரானை ரத்து செய்தது. சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, துறையின் வேலை அல்ல என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். அவரோடு சேர்ந்த ஐந்து நீதிபதிகளில் ஒருவர் நீல் கோர்சச், ஆன் கோர்சச்சின் மகன்.

நிபுணர்களை ஒதுக்கிட்டு நீதிபதி எப்படிங்க காத்து மாசு, மருந்தை எல்லாம் முடிவு பண்ண முடியும்?

இது நியாயமான பயம். நீதிபதி எலினா கேகன் தன் எதிர்ப்புத் தீர்ப்பில் இதைத்தான் சொன்னார். அதற்கு ஒரு சாட்சியும் முந்தின நாளே கிடைத்திருந்தது. வேறொரு காற்று மாசு வழக்கில் நீதிபதி கோர்சச், நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று எழுத வேண்டிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குத் தரும் வாயு, என்று சில இடங்களில் எழுதிவிட்டார். பிறகு திருத்தினார்கள்.

ஆனால் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது நிபுணர் சொல்ல வேண்டியது. அதை நீதிமன்றம் இப்போதும் கேட்டுக்கொள்ளும். கூலியை யார் தலையில் கட்டுவது என்பது மீன் பற்றிய அறிவியல் அல்ல. அது காங்கிரஸ் எழுத வேண்டிய சட்டம். காங்கிரஸ் எழுதுவதில்லை என்பதுதான் உண்மையான கோளாறு. கடினமான விஷயத்தில் ஓட்டுப் போட்டால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் உறுப்பினர்கள் மழுப்பலாக எழுதித் துறையிடம் தள்ளிவிடுகிறார்கள். செவ்ரான் போனதால் அந்தப் பழக்கம் போய்விடவில்லை.

செலவைக் குறைக்கணும்னு பேசறவங்க ஆட்சியிலயும் கடன் ஏறிக்கிட்டேதானே இருக்கு?

இதுதான் என்னை மிகவும் உறுத்துவது. 2024 நிதியாண்டில் மத்திய அரசு செலவழித்தது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர், வருமானம் சுமார் 4.9 லட்சம் கோடி. மீதி முழுக்கக் கடன். பழைய கடனுக்கான நிகர வட்டி மட்டும் அந்த ஆண்டு சுமார் 88,000 கோடி டாலர், ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. 2025 அக்டோபரில் மொத்தக் கடன் 38 லட்சம் கோடியைக் கடந்தது. வரவு செலவு கடைசியாக உபரியில் முடிந்தது 2001இல்.

அந்த உபரி ஆண்டுகள் 1998இல் ஆரம்பித்தன. டெமாக்ரட் அதிபர் கிளின்டனும் ரிபப்ளிகன் காங்கிரஸும் ஒருவரை ஒருவர் இழுத்துப் பிடித்த காலம் அது. அதன் பிறகு புஷ் வரியைக் குறைத்தார், இரண்டு போர்களை நடத்தினார், முதியோருக்கான மருந்துத் திட்டத்தையும் சேர்த்தார். 2025 ஜூலை 4ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட ‘பெரிய அழகான மசோதா’ என்ற வரி, செலவுச் சட்டம் பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை சுமார் 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டது. கடன் அளவை முன்வைத்து அதை எதிர்த்து ஓட்டுப் போட்ட ரிபப்ளிகன்கள் செனட்டில் ரேண்ட் பால், கீழவையில் தாமஸ் மாஸி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இருவரும் கென்டக்கிக்காரர்கள், இருவரையும் அதிபர் பகிரங்கமாகத் திட்டினார். வரியைக் குறைப்பது சுகமான பாதி. செலவைக் குறைப்பதுதான் கொள்கையின் மறுபாதி, அதைக் கட்சி கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

டோஜ்னு ஒண்ணு வந்து வெட்டு வெட்டுன்னு வெட்டினாங்களே?

டோஜ் என்பது அரசுச் செலவைக் குறைக்க டிரம்ப் அமைத்த குழு. அதை முன்னின்று நடத்திய எலான் மஸ்க் 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தார், 2025 மே மாதக் கடைசியில் விலகினார். அந்த நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடத்தான் செய்தது. மத்திய அரசின் சிவில் ஊழியர் சம்பளம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பெரும்பணம் முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், ராணுவம், வட்டி இந்த நான்கில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்கிய பணத்தை அதிபர் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்று நிக்சன் காலத்தில், 1974இல், சட்டமே வந்தது. வீண் செலவைக் குறைக்க வேண்டும், சந்தேகமில்லை. அதைக் காங்கிரஸில் ஓட்டெடுத்துச் செய்தால்தான் அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் திருப்ப முடியாது.

சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்ல கை வைக்க ஏன் பயப்படறாங்க?

சோஷியல் செக்யூரிட்டி முதியோர் ஓய்வூதியம், மெடிகேர் முதியோர் மருத்துவக் காப்பீடு. வயதானவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்கள், அவர்களில் நிறையப் பேர் ரிபப்ளிகன். 2005இல் புஷ், சோஷியல் செக்யூரிட்டியின் ஒரு பகுதியைத் தனிக்கணக்காக முதலீடு செய்யலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சொந்தக் கட்சியே ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவில்லை. 2016இல் டிரம்ப் இந்த இரண்டையும் தொட மாட்டேன் என்று சொல்லியே ஜெயித்தார். ஆனால் கணக்கு காத்திருக்காது. ஓய்வூதிய நிதி 2033இல் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு வரும் வரியை வைத்து சுமார் 77 சதவீதம்தான் தர முடியும் என்று அதன் அறங்காவலர்கள் 2025 அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள்.

அதிக ஓட்டு வாங்கினவர் தோத்துப் போறாரே, அந்த எலக்டோரல் காலேஜை ஏன் விடமாட்டேங்கறாங்க?

ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒதுக்கிய வாக்குகளில் பெரும்பான்மை பெறுபவரே அதிபர், அதுதான் எலக்டோரல் காலேஜ். நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது 2000இலும் 2016இலும் நடந்தது, இரண்டு முறையும் ஜெயித்தது ரிபப்ளிகன். ஆகவே சுயநலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொள்கை ரீதியான பதில் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. இது மாநிலங்கள் சேர்ந்து அமைத்த நாடு, அதிபரையும் மாநிலங்கள் வழியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. 2000இல் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்துக்கு அந்த ஒரு மாநிலத்தில் எண்ணிக்கைச் சண்டை நடந்தது. நாடு முழுக்க ஒரே எண்ணிக்கை என்றால் அந்தச் சண்டை எல்லா ஊர்களிலும் நடந்திருக்கும்.

ஹெச்1பி விஷயத்துல அவங்க நமக்கு வேண்டியவங்களா, வேண்டாதவங்களா?

அவர்களுக்குள்ளேயே இரண்டு முகாம். திறமைசாலிகள் வந்தால் நாட்டுக்கு லாபம் என்பது ஒன்று, வருடம் 85,000 விசா உள்ளூர்க்காரர் சம்பளத்தைக் குறைக்கிறது என்பது மற்றொன்று. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவித்ததும் இரண்டும் வெளிப்படையாக மோதிக்கொண்டன. விசாவை ஆதரித்து மஸ்க்கும் விவேக் ராமசாமியும் ஒரு பக்கம், டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் எதிர்ப்பக்கம். சிலர் இந்தியர்களைப் பற்றி எழுதியது வெறும் இனவெறி, அதற்குக் கொள்கை என்று பெயர் கிடையாது.

2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. கட்டணம் கூடுதலா குறைவா என்பதைவிட, காங்கிரஸ் எழுதிய விசா சட்டத்தின் மேல் அதிபர் ஓர் அறிவிப்பால் இதைப் போடலாமா என்பதுதான் என் கேள்வி.

ஒபாமா, பைடன் ஆணை போட்டா தப்பு, டிரம்ப் போட்டா சரியா?

சரியில்லை. சிறு வயதில் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் இருக்க 2012இல் ஒபாமா தானாகவே ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, இதைக் காங்கிரஸ்தான் செய்ய வேண்டும் என்று கன்சர்வேடிவ்கள் சொன்னார்கள். பைடன் சுமார் 43,000 கோடி டாலர் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்ததை 2023இல் உச்ச நீதிமன்றம் அதே காரணத்துக்காக ரத்து செய்தது. இரண்டிலும் அவர்கள் வாதம் சரி என்றே நினைக்கிறேன். அப்படியானால் 2025இல், டாரிஃப் என்ற வார்த்தையே இல்லாத ஒரு 1977 அவசரநிலைச் சட்டத்தை வைத்து உலகம் முழுவதற்கும் இறக்குமதி வரி போட்டதை எப்படி ஏற்பது? வரி, காங்கிரஸ் பட்டியலில் முதலில் இருக்கும் அதிகாரம்.

நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனமும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியது சுதந்திரச் சந்தைக் கொள்கை கொண்ட வழக்கறிஞர்கள்தான். 2025 மே 28ஆம் தேதி அமெரிக்காவின் சர்வதேச வணிக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் ஒருவர் ரீகன் நியமித்தவர், ஒருவர் ஒபாமா நியமித்தவர், ஒருவர் டிரம்ப் நியமித்தவர். நவம்பரில் உச்ச நீதிமன்ற விசாரணையின்போது கோர்சச், இப்படிக் கொடுத்துவிட்ட அதிகாரத்தைக் காங்கிரஸ் திரும்ப எப்படி வாங்கும் என்று கேட்டார். சட்டம் போட்டு வாங்கலாம் என்றால், அதிபர் அதை நிராகரிப்பார், நிராகரிப்பை முறியடிக்க இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

எல்லாத்துக்கும் காங்கிரஸ் காங்கிரஸ்ங்கறீங்க. செனட்ல 60 ஓட்டு இல்லாம எதுவும் நகராதே, அந்த விதியைத் தூக்கிட வேண்டியதுதானே?

செனட்டில் விவாதத்தை முடிக்கவே 100 பேரில் 60 பேர் வேண்டும் என்ற விதியைச் சொல்கிறீர்கள். 2025இல் அரசு 43 நாள் முடங்கிக் கிடந்தபோது டிரம்பே அதைத் தூக்கச் சொன்னார், செனட்டின் ரிபப்ளிகன் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் மறுத்துவிட்டார். தூன் செய்தது சரி. இந்த விதி சட்டங்களைத் தாமதப்படுத்துகிறது, அதனால் துறைகளும் அதிபரும் இடைவெளியை நிரப்புகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 51 பேரின் விருப்பம் உடனே சட்டமாகும் செனட், அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சியின் 51 பேருக்கும் அதே வசதியைத் தரும்.

இதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். 2013இல் டெமாக்ரட் தலைவர் ஹாரி ரீட், கீழ் நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்க 60 வேண்டாம் என்று மாற்றினார். இதற்காக வருத்தப்படுவீர்கள், நினைப்பதைவிடச் சீக்கிரமே வருத்தப்படுவீர்கள் என்றார் எதிர்க்கட்சித் தலைவர் மெக்கானல். 2017இல் அவரே அதை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினார். டிரம்ப் முன்மொழிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் கோர்சச்சுக்கு 54 ஓட்டு, கேவனாவுக்கு 50, பேரட்டுக்கு 52. பழைய விதியில் மூவருமே உள்ளே வந்திருக்க மாட்டார்கள். ரோ தீர்ப்பை ரத்து செய்ததிலும் செவ்ரானை ரத்து செய்ததிலும் இந்த மூன்று பேரின் ஓட்டும் உண்டு.